எதிர்பார்ப்பு உரிமையாகுமா?

கள்ளக்குறிச்சியை விட்டுக் கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில், சமவெளி முடிகிற இடத்தில் கோமுகி அணை தெரியும். அதற்கப்பால் பாதை வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறுகிறது. கதை எழுதுகிறவனுக்கு ஒரு சாலையைக் கண்டால் அதன் இரு முனைகளிலும் இரண்டு மனிதர்களை நிறுத்திப் பார்க்கத் தோன்றும். நானும் நிறுத்தினேன். அந்த இருவரும் கற்பனை. அவர்களைச் சூழ்ந்த நிகழ்ச்சிகள் கற்பனையல்ல.

அடிவாரத்தில் இருப்பவள் ஒரு தையற்காரரின் மகள். 2013 ஆகஸ்டில் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் 150க்கு 91 வாங்கினாள். தேர்ச்சிக்கு 90 போதும். சான்றிதழ் சரிபார்ப்புக்கும் அழைத்துவிட்டார்கள். அம்மா அன்றே பாயசம் வைத்துவிட்டாள். மலைமேல் இருப்பவன் பழங்குடி இளைஞன். மரவள்ளி பயிரிடும் குடும்பம். அவன் வாங்கியது 84. ஊராருக்கு அவன் தோற்றவன்.

2014 பிப்ரவரியில் அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. பழங்குடியினர், தாழ்த்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் முதலிய பிரிவினருக்கு ஐந்து சதவீதச் சலுகை. 82 வாங்கினால் தேர்ச்சி. நடந்து முடிந்த தேர்வுக்கும் அது பொருந்தும். மலையில் தோற்றவன் ஒரே நாளில் வென்றவனானான். அடிவாரத்துப் பெண்ணுக்கோ, முடிந்துபோன பந்தயத்தில் புதிதாகப் பலர் ஓடி வருவதுபோல் இருந்தது.

மே மாதத்தில் இன்னோர் ஆணை வந்தது. தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களுக்கு 40 என்று கூட்டித் தரவரிசை போடுவார்கள். 83 வாங்கியவர்கூட பழைய மதிப்பெண் பலத்தால் 91ஐத் தாண்டிவிடலாம். ஆனால் அதே பழைய மதிப்பெண் மலைப் பள்ளியில் படித்தவனைக் கீழே இழுக்கவும் கூடும். ஒரு கை கொடுத்ததை மறு கை எடுத்துக்கொள்வதும் உண்டல்லவா?

நியமனத்துக்காகக் காத்திருந்தவர்கள் பலர் நீதிமன்றம் போனார்கள். நம் கற்பனைப் பெண்ணும் போனாள் என்று வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள்: “ஏம்மா, அந்த மலைப்புள்ள வாயில போற சோத்தை நீ தட்டிவிடலாமா?”

இந்தக் கேள்வி என்னையும் சுட்டது. ஆயினும் யோசிக்க யோசிக்க, கேள்வியில்தான் பிழை இருப்பதாகப் படுகிறது. அவள் மலையில் இருப்பவனை எதிர்க்கவில்லை. “விதியை நடுவில் மாற்றலாமா?” என்று விதி செய்தவர்களைக் கேட்கிறாள். அதுவும் உத்தியோகம் எவருக்கும் கிடைக்கும் முன்பே கேட்கிறாள். காலம் கடந்து கேட்டால் என்ன ஆகும் என்பதை மேற்கு வங்காளம் காட்டியது. 2016ஆம் ஆண்டுத் தெரிவில் முறைகேடு நடந்ததென்று, 2025 ஏப்ரலில் 25,000க்கும் மேற்பட்ட நியமனங்களை உச்ச நீதிமன்றம் செல்லாதவை ஆக்கிற்று. பல ஆண்டுகள் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். தவறு செய்யாதவர்களும் அவர்களில் உண்டு. முன்பே எழும் வழக்கு காத்திருப்பவனின் தூக்கத்தைக் கெடுக்கலாம்; பின்னால் எழும் வழக்கு வாழ்க்கையையே கெடுத்துவிடும்.

நம் வழக்கில் 2014 செப்டம்பரில் சென்னையில் ஒரு தீர்ப்பும் மதுரைக் கிளையில் அதற்கு மாறான தீர்ப்பும் வந்தன. 2016 நவம்பர் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கம் முடிவு சொல்லிற்று. சான்றிதழ் பார்க்க அழைத்ததால் மட்டும் உத்தியோகத்தில் உரிமை பிறந்துவிடாது. தெரிவுப் பட்டியலில் பெயர் இருந்தாலே உரிமை வந்துவிடாது என்று 1991லேயே அந்த நீதிமன்றம் சொல்லியிருந்தது.

சட்டம் சரி. எதிர்பார்ப்பு உரிமையாகாது. ஆனால் எதிர்பார்க்க வைத்தவனுக்கு ஒரு கடமை உண்டு என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது. இந்தச் சலுகையை மாநிலங்கள் கொடுக்கலாம் என்று 2011லேயே தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வழிகாட்டியிருந்தது. தேர்வுக்கு முன்பே அறிவித்திருந்தால் அவளுக்குத் தன்னோடு போட்டியிடுபவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்திருக்கும். அவனும் மாதக்கணக்கில் தோற்றவன் என்ற பெயரைச் சுமந்திருக்க மாட்டான். பிறர் இடத்தைப் பறித்தவன் என்ற பழிச்சொல்லையும் கேட்டிருக்க மாட்டான். தெரிவு தொடங்கியபின், விதிகளோ விளம்பரமோ இடம் தந்தாலன்றி, தகுதி விதியை நடுவில் மாற்றக்கூடாது என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு வகுத்திருக்கிறது.

மலைக்குக் கருணை வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கருணையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிந்தி வருகிற கருணை, பெறுகிறவனை வெட்கப்பட வைக்கிறது. இழக்கிறவளை வெறுக்க வைக்கிறது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அந்த இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தால், ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்க்க முடியவேண்டும். அதற்கு வழி செய்யாத நியாயம், தீர்ப்பில் வென்றாலும் எனக்குக் குறையாகத்தான் தெரிகிறது.