விட்டு வந்தவன் சொல்லும் விடை



பிறந்து வளர்ந்த மதத்தை மனச்சாட்சியின் கட்டளைக்குப் பணிந்து விட்டு வெளியேறிய ஒருவனை, நேற்றுவரை அவனோடு ஒரே வரிசையில் நின்று பிரார்த்தித்தவர்கள் தேடி வந்து, "ஏன் எங்களை விட்டுப் போனாய்?" என்று கேட்பார்களானால், அவன் என்ன விடை சொல்ல வேண்டும் என்னும் கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கேட்பவர்கள் அந்நியர்களாக இருந்தால் தர்க்கம் செய்து அனுப்பிவிடலாம். பெற்ற தாயும், உடன்பிறந்தாரும், வேதாக்ஷரம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் அல்லவா கேட்கிறார்கள்! இந்தச் சோதனையில் நின்று காட்டிய ஒருவரைப்பற்றிச் சொல்வது பொதுவாகப் பேசுவதைவிடப் பயன் தரும் என்று கருதி, ஹாலந்து தேசத்து ஞானி ஸ்பினோசாவின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அவர் பிறந்தது 1632-ஆம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாம் நகரத்தில், போர்த்துகலிலிருந்து குடியேறிய யூத வணிகர் குடும்பத்தில். அந்தச் சமூகத்தின் கண்டிப்பைக் குறைகூறுமுன் அது எங்கிருந்து வந்தது என்பதை நாம் அனுதாபத்தோடு அறிந்துகொள்ள வேண்டும். 1497-இல் போர்த்துகல் மன்னர் தம் நாட்டு யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறச் செய்தார்; பின்னர் மத விசாரணை மன்றம் ஏற்பட்டு, வெளியே கிறிஸ்தவராக நடந்து உள்ளே பழைய நெறியைப் போற்றியவர்களைத் தேடிப் பிடித்துச் சிறையிலும் தீயிலும் இட்டது. அந்தத் தீயிலிருந்து தப்பி வந்தவர்களின் மக்களும் பேரர்களும், தலைமுறைகளாக மறந்துபோன ஆசாரங்களை ஆம்ஸ்டர்டாமில் மறுபடியும் அக்ஷரம் அக்ஷரமாகக் கற்று, அடைக்கலம் தந்த நகரத்தாரின் மனம் கோணாதபடி தங்களுக்குள் ஒழுங்கு காத்து வாழ்ந்தார்கள். அவ்வளவு விலை கொடுத்து மீட்ட ஒன்றை ஓர் இளைஞன் கேள்வி கேட்டால், அவர்களுக்கு அது வீட்டுக் கூரையில் நெருப்பு வைத்ததுபோலவே பட்டிருக்கும்.

1656 ஜூலை 27-ஆம் நாள், ஜெப ஆலயத்தில் வேதச் சுருள்கள் வைத்திருக்கும் பேழையின் முன்னிலையில், இருபத்துமூன்று வயது ஸ்பினோசாவைப் பிரஷ்டம் செய்யும் கட்டளை வாசிக்கப்பட்டது. சாபச் சொற்கள் முடிந்தபின் அதில் வரும் விதிகளைச் சற்றுக் கவனியுங்கள்: ஒருவரும் அவரோடு வாயாலும் பேசலாகாது, எழுத்தாலும் பேசலாகாது, உதவி எதுவும் செய்யலாகாது, ஒரே கூரையின்கீழ்த் தங்கலாகாது, நான்கு முழ தூரத்துக்குள் நெருங்கலாகாது, அவர் எழுதிய எதையும் படிக்கலாகாது. சகோதரனும் சகோதரியும் உள்ள ஒரு குடும்பத்தில் இந்த நான்கு முழம் எவ்வளவு பெரிய தூரமாயிருக்கும் என்பதை உங்கள் உள்ளத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இத்தகைய தண்டனையை ஒருவன் எப்படி ஏற்றுக்கொள்வான் என்பதற்கு அவ்வூரிலேயே துயரமான முன்னுதாரணம் ஒன்று இருந்தது. ஊரியல் ட கோஸ்டா என்பவர் போர்த்துகலில் கத்தோலிக்கராக வளர்ந்து, வேதத்தைப் படித்து, முன்னோர் மதமே சத்தியம் என்று நம்பித் தாயையும் சகோதரர்களையும் அழைத்துக்கொண்டு வந்தவர். வந்தபின் ரபிமாரின் சம்பிரதாயங்களைக் கண்டித்தார், விலக்கப்பட்டார். தனிமையைத் தாங்கமாட்டாமல் திரும்பிச் சேர்ந்தார், மீண்டும் விலக்கப்பட்டார், மீண்டும் சேர வேண்டி, 1640-இல் ஜெப ஆலயத்தில் சபையோர் அனைவர் முன்னிலையிலும் முப்பத்தொன்பது கசையடிகள் பெற்று, வாசற்படியில் படுத்துக் கிடக்க, கூடியிருந்தவர்கள் அவரைக் கடந்து வெளியே சென்றார்கள். சில நாட்களில் அவர் தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது ஸ்பினோசா ஏழு வயதுச் சிறுவன்.

ட கோஸ்டாவைக் கோழை என்று எவரும் சொல்ல வேண்டாம். தம் பழைய சகோதரர்களைத் திருத்தியாக வேண்டும் என்ற வேகமும், அவர்களால் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்ற ஏக்கமும் ஒரே நெஞ்சில் கிடந்து அவரைப் பிளந்தன. விட்டு வந்தவர்களுள் பெரும்பாலோர் படும் வேதனை இதுவே என்பதை நான் கண்டிருக்கிறேன். வாதத்தில் வென்றால் அன்பு திரும்பிவிடும் என்று நம்பி, கடிதத்துக்குமேல் கடிதம் எழுதுகிறார்கள். அந்த வாதமே மிஞ்சியிருந்த அன்பையும் வற்றச் செய்துவிடுகிறது.

ஸ்பினோசா வேறு வழியில் சென்றார். தம் நிலையை விளக்கி ஸ்பானிய மொழியில் ஒரு சமாதானம் எழுதினார் என்று சொல்லப்படுகிறது. அது நமக்குக் கிடைக்கவில்லை. அதன்பின் மன்னிப்புக் கேட்டு அந்த ஆலயத்தின் வாசலுக்கு அவர் போகவும் இல்லை. அவர்களை நிந்திப்பதையே தொழிலாகக் கொள்ளவும் இல்லை. பூதக்கண்ணாடிக்கும் தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கும் வேண்டிய வில்லைகளைத் தீட்டி மெருகிட்டுக் கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டும், அன்பர் தந்த சிறு உதவியைப் பெற்றுக்கொண்டும், சிற்றூர்களிலும் பின்னர் ஹேக் நகரத்திலும் எளிய அறைகளில் வாழ்ந்தார். கிறிஸ்தவ நண்பர்கள் பலர் சூழ இருந்தும் அவர்களுடைய மதத்தையும் தழுவவில்லை. நெறியை விட்டவர் அந்நெறியின் மொழியை விடவில்லை. எபிரேய மொழிக்கு அவர் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாத இலக்கண நூல் ஒன்று, அவர் இறந்த 1677-ஆம் ஆண்டில் அச்சேறிய தொகுதியில் இருக்கிறது. விலக்கியவர்களின் வேதமொழிக்கு விலக்கப்பட்டவர் இலக்கணம் எழுதினார் என்னும் இந்த ஒரு செய்திக்காகவே அவரை நான் வணங்குவேன்.

ஹேக் நகரில் அவர் குடியிருந்தது ஓர் ஓவியரின் வீட்டில். அங்கே நடந்ததாக அவருடைய சரித்திரத்தை எழுதிய கோலேருஸ் என்னும் லூத்தரன் பாதிரியார் ஒரு சம்பவத்தைக் குறித்துவைத்திருக்கிறார். வீட்டுக்கார அம்மாள் ஒருநாள், தான் கைக்கொண்டிருக்கும் மதத்தில் நின்றே தனக்குக் கதிமோக்ஷம் கிடைக்குமா என்று அவரிடம் கேட்டாள். மதங்களையெல்லாம் ஆராய்ந்து கடந்துவிட்ட தத்துவஞானி என்று பெயரெடுத்தவரிடம் கேட்கிறாள். அவர் நினைத்திருந்தால் அவள் நம்பிக்கையை ஒரு நாழிகையில் தகர்த்திருக்கலாம். அவரோ, உன் மதம் நல்லதே, வேறொன்றைத் தேட வேண்டுவதில்லை, பக்தியோடும் சாந்தியோடும் வாழ்ந்தாயானால் போதும் என்ற கருத்தில் விடை சொன்னாராம். அவ்வீட்டார் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, பிரசங்கத்திலிருந்து என்ன நன்மை பெற்றீர்கள் என்று விசாரிப்பதும் அவருக்கு வழக்கமாம். தம் சுதந்திரத்துக்குப் பிறருடைய நம்பிக்கையை விலையாகக் கேளாத மனம் அது.

1675-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் பர்க் என்னும் இளைஞர், முன்பு ஸ்பினோசாவை மதித்துப் பழகியவர், இத்தாலியில் கத்தோலிக்க மதத்தைத் தழுவி, ஸ்பினோசாவும் உடனே மனந்திரும்ப வேண்டும் என்று நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். பதில் எழுதாமலே விட்டுவிட நினைத்த ஸ்பினோசா, நண்பர்கள் வற்புறுத்தியதால் எழுதினார். அந்தப் பதிலில் காரம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் ஒவ்வொரு சபையிலும் நீதியாலும் அன்பாலும் கடவுளை வழிபடும் உத்தமர்கள் உண்டு என்று அதிலே ஒப்புக்கொள்கிறார். தியாகிகளின் இரத்தம் தம் சபைக்கே சாட்சி என்று பர்க் பெருமை பேசியதற்கு மறுமொழியாக, யூத நெறிக்காக ஸ்பெயினில் தீயிலிடப்பட்ட யூதா என்பவர், இறந்தார் என்று கண்டோர் எண்ணிய கணத்திலும் ஜுவாலைக்கு நடுவே தேவகீதம் பாடி உயிர்விட்டதை எடுத்துக் காட்டுகிறார். ஸ்பினோசாவை நான்கு முழத்துக்குள் நெருங்கலாகாது என்று கட்டளையிட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் அந்தக் கூட்டத்தாரின் வைராக்கியத்துக்கு அவரே சாட்சி சொல்கிறார்! வாதத்துக்கு வேண்டித்தான் சொன்னார் என்று ஒருவர் கூறலாம். துவேஷம் குடிகொண்ட நெஞ்சுக்கு அந்தத் தியாகி நினைவுக்கே வந்திருக்க மாட்டார் என்பது என் துணிபு.

1670-இல் அவர் வெளியிட்ட சமய ஆராய்ச்சி நூலில் பழைய இனத்தாரைப்பற்றிக் கடுமையாகவும் சில இடங்களில் எழுதியிருக்கிறார். அதை மறைப்பது நேர்மையாகாது. தழும்பு இருந்தது. ஆனால், பகைக்குப் பகை செய்தால் அது வளரும், அன்பினாலேயே அதை அழிக்கக்கூடும் என்று தம் தலைசிறந்த நூலில் நிறுவிய அந்த மனிதர், பெரும்பாலும் அப்படியே வாழ்ந்தும் காட்டினார். அவர்மீது விதித்த விலக்கோ இன்றளவும் நீக்கப்படவில்லை.

இந்தச் சபையில் வழிமாறி வந்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் காரணத்தை ஒருமுறை தெளிவாகவும் மரியாதையாகவும் சொல்லிவிட்டு, பழைய சகோதரர்களிடம் நீங்கள் பெற்ற நன்மைகளையும் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டு, மேற்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பிள்ளையோ சகோதரனோ வேறு வழியில் போய்விட்ட துக்கத்தோடு வந்திருப்பவர்களும் இங்கே இருப்பீர்கள். வீட்டுக்குப் போனதும் அவனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; மதத்தைப்பற்றி அதிலே ஒரு வரியும் வேண்டாம்; அவன் தேக சௌக்கியத்தை மாத்திரம் விசாரித்து எழுதுங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.