பழைய காரும் புதிய சக்கரமும்

ஒரு பொருளின் அவயவங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வருமானால், எந்த எல்லை வரையில் அது அதே பொருளாக இருக்கிறது, எந்த இடத்தில் வேறொன்றாகிவிடுகிறது என்பது தத்துவ விசாரத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. பாரத தேசத்தில் அதை ஒரு ரதத்தை முன்வைத்துக் கேட்டார்கள். கிரேக்க தேசத்தில் ஒரு கப்பலை முன்வைத்துக் கேட்டார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு மோட்டார் காரை அருமையாகப் பேணி வருகிற ஒருவர், அதன் சிறிய சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரங்களையும் நவீன டயர்களையும் பூட்டலாமா என்று யோசிக்கும்போது, அதே கேள்வி நம் காலத்து உடை அணிந்து அவர் முன் வந்து நிற்கிறது. இதை வெறும் ரசனை விவகாரம் என்றோ, பணமும் ஓய்வும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றோ ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. முன்னிருந்தவர்கள் செய்துவைத்த ஒன்றைத் தன் காலத்திற்குக் கையேற்றுக்கொண்ட மனிதன் அதன்மேல் எவ்வளவு உரிமை கொண்டாடலாம் என்னும் தர்ம விசாரணை இதற்குள் அடங்கியிருக்கிறது.

மிலிந்தன் என்று பௌத்த நூல்கள் குறிப்பிடும் மெனாண்டர், கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் பாரதத்தின் வடமேற்குப் பகுதியை ஆண்ட கிரேக்க அரசன். அவனுக்கும் நாகசேனர் என்னும் பிக்ஷுவுக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் சம்வாதம் ‘மிலிந்த பஞ்ஹா’ என்னும் பாலி நூலாக நமக்குக் கிடைத்திருக்கிறது. ரதத்தில் ஏறி வந்ததாகச் சொன்ன அரசனைப் பார்த்து, ஏர்க்காலா ரதம், அச்சா ரதம், சக்கரங்களா ரதம், இவையெல்லாம் சேர்ந்த குவியலா, இவற்றுக்குப் புறம்பான வேறொன்றா என்று நாகசேனர் அடுக்கிக் கேட்க, எதற்கும் ஆம் என்று சொல்ல முடியாமற்போன அரசன், இந்த உறுப்புகளைச் சார்ந்து உலக வழக்கில் எழுந்த பெயரே ரதம் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். நியாய வைசேஷிகர்கள் இதை ஏற்கவில்லை. அவயவங்களினின்று வேறான அவயவி என்னும் முழுப்பொருள் மெய்யாகவே உண்டு என்று அவர்கள் சாதித்தார்கள். ஆனால் அந்தக் கொள்கையைக் கடைசிவரை கொண்டு சென்றபோது, ஆடையிலிருந்து ஒரு நூலை உருவிவிட்டால் பழைய ஆடை அழிந்து, எஞ்சிய நூல்களில் புதியதோர் ஆடை பிறக்கிறது என்று சொல்லவேண்டியதாயிற்று. அந்தக் கணக்குப்படி ஒரு டயரை மாற்றியவுடனேயே பழைய கார் போய்ப் புதிய கார் வந்துவிடும். பௌத்தர் சொல்வதை ஏற்றால் காப்பாற்றுவதற்கு ஒரு பொருளே இல்லை. வைசேஷிகர் சொல்வதை ஏற்றால் எதையும் காப்பாற்ற இயலாது. உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்த ஜைனக் கொள்கைதான், உள்ளது எதுவோ அது தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்றையும் ஒருங்கே உடையது என்று சொல்லி, மாறுவதற்கும் நிற்பதற்கும் ஒரே பொருளில் இடம் தருகிறது. என் புத்திக்கு இதுவே பொருந்துகிறது. அப்படியானால் ஒரு காரில் நிலைபெற்று நிற்பது எது, தோன்றி அழிவதற்கென்றே அமைந்தது எது என்று பிரித்தறிவதுதான் நம் வேலை.

நீதிமன்றமே இதற்குப் பதில் சொல்ல நேர்ந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில் முதலாவதாக வந்த ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் பென்ட்லி கார், பின்னர் வேறு எஞ்சினோடு ஓடி, 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் தன்னை ஓட்டியவர் உயிரிழந்த விபத்தில் சிக்கி, அதன் பிறகு மூடிய கூடுடைய வேறொரு வடிவத்தில் திரும்பக் கட்டப்பட்டது. நெடுங்காலம் கழித்து அதை ஒரு கோடி பவுனுக்கு விற்கச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், லெ மானில் வென்ற வண்டி இதுதானா என்னும் தகராறு எழுந்து, விஷயம் லண்டன் உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. 1990-இல் நீதிபதி ஆட்டன், ஆதியில் செய்த உருவம் இது என்று சொல்வதற்கில்லையாயினும், இடையறாத சரித்திரம் ஒன்று இதனைத் தொடர்ந்து வந்திருப்பதால் இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். இரும்பும் மரமும் போன பின்னும் தொடர்ச்சி நின்றது என்னும் இத்தீர்ப்பு ஜைனர் கொள்கைக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் தொடர்ச்சி தானாக நிற்பதில்லை. ஒவ்வொரு கையிலும் அது அறுபடாமல் காக்கப்பட வேண்டும்.

திருஷ்டாந்தமாக மாரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளலாம். 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்து, பிரிட்டிஷ் கார்களுள் முதன்முதலாகப் பத்து லட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய வண்டி அது. நம் நாட்டிலும் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்னும் பெயரோடு சில காலம் ஓடிற்று. அதை வகுத்த அலெக் இஸிகோனிஸ், அக்காலத்துச் சிறிய கார்கள் இன்னும் பெரிய சக்கரங்களில் ஓடிக்கொண்டிருந்த வேளையில், உள்ளே அமர்பவர்களுக்கு இடம் கூடட்டும், கனம் குறையட்டும் என்று 14 அங்குலச் சக்கரங்களைத் தேர்ந்து, அவற்றை வண்டியின் நான்கு மூலைகளுக்கும் தள்ளி வைத்தார். எல்லா ஏற்பாடுகளும் முடிகிற தறுவாயில் வண்டி மிகவும் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றவே, மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகன்றபோது அளவு சரியாயிற்று என்று நிறுத்தினார். முன்னமே செய்து குவித்திருந்த பம்பர்களை வீணாக்க மனமில்லாமல் அவற்றையும் நடுவில் வெட்டி இடையில் ஒரு துண்டு சேர்த்தார்கள். தொடக்க கால மைனர்களில் அந்த ஒட்டை இன்றும் காணலாம்.

இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏனெனில், ஆதி என்று நாம் பூஜிக்கிற நிலையே ஒரு மாற்றத்தில் பிறந்தது என்பதையும், அந்த மாற்றத்தை நடத்தியது மனம் போன போக்கன்று, பொருத்தத்தைத் தேடிய ஒரு கண் என்பதையும் அது ஒருங்கே காட்டுகிறது. காரின் சொரூபம் அதன் தகட்டில் இல்லை. எதற்கு எது எவ்வளவு என்று கண்ட அந்த அளவில் இருக்கிறது. சக்கரத்தின் விட்டம், மட்கார்டின் வளைவு, தரைக்கும் வண்டிக்கும் இடையேயுள்ள உயரம், ஸ்டீயரிங் கையில் தரும் கனம் ஆகிய எல்லாம் அந்த ஒரே நிர்ணயத்தின் கிளைகள். ஆகவே சக்கரம் சொரூபத்தைச் சேர்ந்தது என்பேன்.

டயரோ அப்படியன்று. பிறந்த நாளிலிருந்தே தேய்வதற்கென்று அமைந்த பாகம் அது. ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் அதன் ரப்பர் வெப்பத்தாலும் காற்றாலும் இறுகி வெடிக்கிறது. இக்கால டயர்களின் பக்கச்சுவரில் எந்த வாரம், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதை நான்கு இலக்கங்களில் பொறிக்கிறார்களென்றால், மனிதனுக்கு இருப்பது போல் அதற்கும் ஆயுள் வரையறை உண்டு என்பதே பொருள். மைனர் வெளிவந்த காலத்து டயர்கள் கிராஸ் பிளை வகையைச் சேர்ந்தவை. அவற்றில் நூலிழைகள் ஒன்றன்மேலொன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும். வண்டி வளைவில் திரும்பும்போது பக்கச்சுவர் மடங்கினால் தரையைத் தொடும் பரப்பும் அதோடு சேர்ந்து நெளிந்து பிடியை இழக்கும். மிச்செலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்று 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரிலோ, இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காகச் செல்ல, தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே எஃகுக் கம்பிப் பட்டை ஒன்று சுற்றிவருகிறது. பக்கச்சுவர் தன் பாட்டில் வளைந்து கொடுக்க, அடிப்பரப்பு தரையில் சமமாகப் படிந்து நிற்கிறது. நனைந்த சாலையில் திடீரென்று பிரேக்கை மிதிக்க நேரும் நொடியில் இந்த வேற்றுமை உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரமாக ஆகிவிடக்கூடும்.

கடோபநிஷத்தும் ஒரு ரதத்தைப் பேசுகிறது. உடல் ரதம், புத்தி சாரதி, மனம் கடிவாளம், இந்திரியங்கள் குதிரைகள் என்று சொல்லி, அந்த ரதத்தினுள் வீற்றிருப்பவனாக ஆத்மாவை அது காட்டுகிறது. நாகசேனர் ரதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். உபநிஷத்தோ அதில் ஏறியிருப்பவனைப் பார்த்தது. நம் கேள்விக்கும் இந்தப் பார்வையே வழிகாட்டுவதாக நான் கருதுகிறேன். வாகனம் என்பது அதில் செல்பவனுக்காக இருக்கிறது. அதன் பாதையில் எதிர்ப்படும் வேறோர் உயிருக்குத் தீங்கு செய்யாமல் செல்வதற்காகவும் இருக்கிறது. சாலையைக் கடக்கிற குழந்தை, வருவது 1950-ஆம் ஆண்டின் கார், ஆகையால் அது நிற்பதற்குக் கூடுதலாகச் சில அடி தூரம் தரவேண்டும் என்று அறிந்து ஒதுங்காது. பொருளின் பழமைக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிதாயினும், உயிருக்குப் பட்டிருக்கும் கடன் அதனினும் பெரிது. அழிவதற்கென்றே அமைந்த ரப்பரில் அகிம்சையை விட்டுக்கொடுத்து ஐதிகத்தைக் காப்பாற்றுவது பக்தியாகாது. சாலையில் ஓட்டுவதற்கென்று வைத்திருக்கும் பழைய காருக்கு நவீன ரேடியல் டயர் பூட்டுவது குற்றமில்லை என்பது மட்டுமன்று, கடமையும் ஆகும் என்றே சொல்வேன்.

அதிலும் விவேகம் வேண்டும். ரேடியல் டயர் தரையை இறுகப் பற்றுவதால், வளைவில் எழும் விசை முழுவதும் ரிம்மின் மேலும் பேரிங்குகளின் மேலும் பாய்கிறது. கிராஸ் பிளையின் இளகிய பிடியை நம்பிச் செய்யப்பட்ட பழைய ரிம் அந்தப் பாரத்தால் விரிசல் காணலாம். ஆகவே முதலில் ரிம்மைச் சோதிக்க வேண்டும். முன்னச்சில் ரேடியலும் பின்னச்சில் கிராஸ் பிளையுமாகப் பூட்டினால், பின்பக்கம் முந்திச் சறுக்கி வண்டி சுழன்றுவிடும். பிரிட்டனில் அதைச் சட்டமே தடுத்திருக்கிறது.

இனிப் பெரிய சக்கரத்துக்கு வருவோம். டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் மாறக்கூடாது என்பது முதல் விதி. விட்டம் கூடினால் ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும். எஞ்சின் ஏற்றத்தில் திணறும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும். 145 மில்லிமீட்டர் அகலமும் அதில் 80 சதவீத உயரமும் உள்ள டயர் 14 அங்குல ரிம்மில் பூட்டப்படும்போது பக்கச்சுவரின் உயரம் 116 மில்லிமீட்டர். மொத்த விட்டம் மாறாமல் 15 அங்குல ரிம்முக்குப் போனால் அது 103 ஆகக் குறையும். கண்ணுக்குக் கம்பீரமாக இருக்கிறதென்று 17 அங்குலத்துக்குப் போனால் 78 தான் மிஞ்சும். அந்தக் காற்றுச் சுவரே சாலைக் குழிகளின் அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தை. அது மெலிய மெலிய, அடி நேராக சஸ்பென்ஷனுக்குச் செல்கிறது. மைனரில் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டு, கிரீஸ் வைக்கத் தவறினாலே தேய்ந்து கழன்று சக்கரத்தைச் சாய்த்துவிடக்கூடியது என்பதை அவ்வண்டியைப் பழகியவர்கள் எல்லாரும் அறிவார்கள். அந்த மூட்டின்மேல் இந்தப் பாரத்தையும் ஏற்றுவது, தன்னைத் தாங்குகிறவனின் பலவீனத்தை அறிந்தும் அவன் தோளில் ஏறிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இஸிகோனிஸ் கண்ட அளவு குலைந்து போவதும் எனக்குச் சிறிய நஷ்டமாகத் தோன்றவில்லை. சிறிய சக்கரத்துக்கென்று வளைக்கப்பட்ட மட்கார்டுக்குள் பெரிய ரிம் ஏறியதும், தன் வடிவில் நிறைந்திருந்த ஒன்று வேறு ஏதோ ஆக விரும்புவது போல் தோன்றத் தொடங்குகிறது. அங்கே காணப்படுவது காரின் தேவையன்று, உடையவரின் அகங்காரம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பழைய டிரம் பிரேக்குகளுக்குப் பதிலாக டிஸ்க் பிரேக் வைக்கும்போது சில ஏற்பாடுகள் பழைய ரிம்முக்குள் அடங்காமற்போகும். அப்பொழுது அடங்கும் அளவுக்கு மட்டும் ரிம்மைப் பெரிதாக்குவது, டயரை மாற்றுவதற்குச் சொன்ன அதே நியாயத்தால் தகும்.

மாற்றியதை மறைக்காமல் வைப்பதிலும் ஒரு தர்மம் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் திரும்பவும் வெட்டுவித்தார். கட்டடம் புதிதாயிற்று, முன்னோர் கொடுத்த வாக்கு பழையதாகவே நின்றது. பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பாகிய ஃபிவா ஏற்ற டூரின் சாசனமும், 1964-இல் பழங்கட்டடங்களுக்காக எழுந்த வெனிஸ் சாசனத்தை ஒட்டி இதையே கேட்கிறது: தவிர்க்க முடியாத மாற்றங்கள் அடக்கமாக இருக்கட்டும், திரும்ப எடுக்கக்கூடியனவாக இருக்கட்டும், கழற்றிய முக்கியமான பாகங்கள் வண்டியோடு இருக்கட்டும் என்பதே அதன் சாரம்.

ஆகையால் இத்தகைய வண்டியை வைத்திருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இது. ஆயுள் முடிந்த டயர்களை, பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருப்பினும், இந்த மாதமே கழற்றிவிட்டு, அதே மொத்த விட்டமுள்ள புதிய ரேடியல் டயர்களை நான்கு சக்கரங்களுக்கும் ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பூட்டுங்கள். ரிம்மின் அளவை, பிரேக்கின் அவசியம் நேர்ந்தாலொழிய, வகுத்தவர் விட்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள். அவசியம் நேர்ந்து மாற்றினால், பழைய ரிம்களைத் துருவேறாமல் எண்ணெய் பூசிக் கட்டி வைத்து, எந்தத் தேதியில் எதை எதற்காக மாற்றினீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி வண்டியின் பத்திரங்களோடு சேர்த்து, உங்களுக்குப் பின் அதை ஓட்டப்போகிறவர் கையில் கொடுங்கள்.