நிழலும் நீதியும்

தான் செல்லும் வழியைத் தானே தேர்வதாக மனிதன் எண்ணுகிறான். நண்பகலில் அவன் நடையை உற்று நோக்குவோர்க்கு அவ்வெண்ணம் முற்றும் உண்மையன்று எனப் புலப்படும். வெயில் காயும் குறுக்கு வழியை விட்டு, சற்றே சுற்றிச் செல்லும் நிழல் வழியையே கால்கள் நாடுகின்றன. நிழலில் அவன் மெல்ல நடக்கிறான். எதிர்ப்படுவோரை நலம் வினவுகிறான். வெயிலிலோ தலை குனிந்து விரைகிறான். இயலுமாயின் வண்டி ஏறிவிடுகிறான். ஆகவே, சாலையோரத்தில் மரம் நடுவதும் அதனை வெட்டுவதும் வெறும் அழகுக் காரியம் அல்ல. பிறர் நடையை ஆளும் அறச் செயல்களாகும்.

சிங்கப்பூரின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1825 முதல் 1873 வரை இங்கிருந்த இந்தியக் கைதிகள், காடு வெட்டியும் கல் உடைத்தும் வெயிலில் நின்று சாலைகள் அமைத்தனர். 1822ஆம் ஆண்டில் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தால் வீடுகளின் முன்புறத்தில் கூரையுள்ள நடைவழி உண்டாயிற்று. அதனையே மக்கள் அஞ்சடி என்பர். எனினும் கடைத்தெருவைக் கடந்தவனுக்கு அஞ்சடி உதவாது. 1963ஆம் ஆண்டில் லீ குவான் யூ மரநடுகை இயக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரம், இன்று இந்நகரின் பல சாலைகளுக்குக் குடை பிடிக்கின்றது. அதன் இலைகள் வெயிலைத் தடுப்பதோடு, நீரை ஆவியாக வெளியிட்டுக் காற்றையும் குளிர்விக்கின்றன.

"மரத்தால் சருகு குவியும், கிளை முறியும், வேர் நடைபாதையைப் பெயர்க்கும், சாலையை அகலமாக்க இடமிராது" எனச் சிலர் உரைப்பர். இவை மெய்யே. ஆயினும் அவ்வாறு உரைப்போர் எவ்வாறு பயணம் செய்கின்றனர் என்று நாம் கேட்டல் வேண்டும். மோட்டார் வண்டியில் செல்வோனுக்கு வெயில் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடுகிறது. முதியோர், பள்ளிச் சிறுவர், கருவுற்ற மாதர், கூலித் தொழிலாளர் ஆகியோரின் தலைமீது அஃது இறங்குகிறது. ஒரு தெருவுக்கு நிழலும் மறு தெருவுக்கு வெயிலும் வழங்கும் நகரம், பிறப்பால் அன்றிப் பாதையால் தன் மக்களை இரு சாதியாக்குகிறது. நிழலோ தன்கீழ் வருவோரின் குலமும் கேளாது, பொருளும் கேளாது.

இது புதுக் கருத்தும் அன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன், மனிதர்க்கும் விலங்குகட்கும் நிழல் தரவே வழிகளில் ஆலமரம் நட்டதாகத் தன் தூண் சாசனத்தில் பொறித்தான். சாலை நல்லதா என அறிய விரும்புவோர், அதில் வண்டி ஓடும் விரைவை அளக்க வேண்டா. நண்பகலில் ஒரு மூதாட்டி அதன்வழியே கடைக்குச் சென்று களைப்பின்றித் திரும்ப இயலுமா என்று பார்க்கட்டும், அதுவே போதும்.