நம்பிக்கை கூலியாகுமா?

அமெரிக்காவின் சிறு ஊர்களைப் பெரிய விமான நிலையங்களோடு இணைப்பவை பிராந்திய விமான நிறுவனங்கள். அவற்றில் புதிதாகச் சேரும் துணை விமானிக்கு 2009 வாக்கில் கிடைத்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 டாலர். 2022 ஜூனில், அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான என்வாய், பீட்மான்ட் ஆகிய நிறுவனங்கள் அதே வேலைக்குத் தற்காலிக ஊக்கத்தொகையும் சேர்த்து மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. ஆண்டுக் கணக்கில் அது 80,000 டாலரைத் தொடும். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய மூன்று மடங்கு. இடையில் துணை விமானி அமரும் அந்த வலப்பக்க இருக்கையின் வேலையும் மாறவில்லை, பின்னால் அமர்ந்திருக்கும் உயிர்களின் மதிப்பும் மாறவில்லை. சந்தை கொடுப்பதே ஒருவருக்கு உரிய கூலி என்று சொல்பவர்கள் இந்த இரண்டு தொகைகளில் எது உரியது என்று சொல்லியாக வேண்டும். இரண்டுமே உரியவைதான் என்றால் 'உரியது' என்பதற்கு 'கிடைத்தது' என்பதைத் தாண்டிப் பொருளே இல்லாமல் போகும்.

உண்மையில் அந்த இளம் விமானிக்குக் கூலியின் பெரும்பகுதி டாலரில் தரப்படவில்லை, நம்பிக்கையில் தரப்பட்டது. அங்கே எல்லாமே பணிமூப்பின்படிதான். சேரும் நாளில் ஒரு வரிசை எண் கிடைக்கும். சம்பளம், விமானம், விடுமுறை, கேப்டன் பதவி எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துத்தான் வரும். நிறுவனம் மாறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சில ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டால் பெரிய நிறுவனத்தின் கேப்டன் சம்பளம் காத்திருக்கிறது என்பதே பேச்சு. ஆடம் ஸ்மித் 1776-இல் வெளிவந்த நூலில் கூலி வேறுபாடுகளுக்குக் காரணம் தேடியபோது இரண்டு செய்திகளைச் சொன்னார். பெரும் பொறுப்பை நம்பி ஒப்படைக்கும் வேலைக்குக் கூலி கூடும் என்பது ஒன்று. இளைஞர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தை மிகையாக மதிப்பிடுவதால், பரிசுச்சீட்டைப் போன்ற தொழில்களில் கூலி குறையும் என்பது மற்றொன்று. விமானியின் தொழிலில் இந்த இரண்டும் மோதின. நெடுங்காலம் பரிசுச்சீட்டே வென்றது.

பரிசு விழுந்ததா? 2001-க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் வரிசையாகத் திவாலாயின. யுனைடெட் நிறுவனம் 2005-இல் தன் ஓய்வூதியத் திட்டங்களை அரசுக் காப்பீட்டு அமைப்பின் தலையில் கட்டியது. 2007 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு வயது 60-இலிருந்து 65 ஆனது. மேலே இருந்தவர் இறங்காததால் கீழே இருந்தவர் ஏற முடியவில்லை. ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிப் பயணிகள் அனைவரையும் காப்பாற்றிய சல்லன்பர்கர், அடுத்த மாதமே நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னது இதுதான்: தன் சம்பளம் 40 விழுக்காடு குறைக்கப்பட்டது, ஓய்வூதியமும் பறிபோனது. வரிசையின் உச்சியில் இருந்தவருக்கே அந்தக் கதி. நம்பிக்கையைக் கூலியாகக் கொடுத்தவர் அதைக் காப்பாற்றுவேன் என்று எங்கும் கையெழுத்திடவில்லை; வாங்கியவரோ தன் வயதையும் பயிற்சிக்காகக் கடன் வாங்கிய பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்திருந்தார்.

தொழில் பழகுபவருக்கு எங்கும் குறைந்த சம்பளம்தானே என்று கேட்கலாம். தொழில் பழகுபவரைப் பட்டறைக்காரர் தன் செலவில் பழக்குவார். இந்த விமானியோ தன் பயிற்சிக்குத் தானே கடன் வாங்கியவர். அதோடு, துணை விமானி வேடிக்கை பார்க்கும் மாணவர் அல்ல. சட்டப்படி விமானத்தை இயக்க வேண்டிய இருவரில் ஒருவர். இதைவிடக் கனமான கேள்வி, தெரிந்தேதான் சேர்ந்தார்கள், ஒப்புதல் இருக்கையில் அநீதி எங்கே என்பது. போப் பதின்மூன்றாம் லியோ 1891-இல் எழுதிய சுற்றுமடலில் இதற்கு நேரடியான பதில் உண்டு: வேறு வழியில்லாமலோ, இதைவிட மோசமானதற்கு அஞ்சியோ ஒரு தொழிலாளி கடுமையான நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் அது வன்முறைக்கு ஆட்பட்டதேயாகும் என்றார் அவர். பசிக்கு அஞ்சிய ஆலைத் தொழிலாளியையும் பறக்க ஆசைப்பட்ட நடுத்தர வர்க்க இளைஞரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடன் வாங்கிப் படித்து முடித்த பிறகு அந்த இளைஞர் திரும்பிப் போக வழி குறுகிவிடுகிறது. அப்போது தரும் ஒப்புதல் முழுச் சுதந்திரமான ஒப்புதல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சந்தை தானே தவறைத் திருத்திக்கொண்டதே, 2022-இன் சம்பளமே சாட்சி என்பார்கள். அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் துணை விமானி சியாட்டிலிலிருந்து இரவு முழுவதும் பயணம் செய்து நியூவார்க்கில் பணிக்கு வந்தவர். பணியிடத்துக்கு அருகில் குடியிருக்கக் கட்டுப்படியாகாத சம்பளம் விசாரணையில் பெரும்பேச்சானது. விபத்துக்கு முதன்மைக் காரணமாக விசாரணை வாரியம் கண்டது, வேகம் குறைந்த எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை செய்ததை, சம்பளத்தை அல்ல. ஆயினும் மக்கள் கோபம் 2010-இல் சட்டமானது. முன்பு 250 மணி நேரம் பறந்தவரே அமரக்கூடிய துணை விமானி இருக்கைக்கு, 2013 முதல் பொதுவாக 1,500 மணி நேரம் தேவைப்பட்டது. இதில் விசித்திரம், விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளுமே அந்த அளவைத் தாண்டியவர்கள். சட்டம் கூலியைத் தொடாமல் வாசலைக் குறுக்கியது. பிறகு 2020-இன் பெருந்தொற்றில் நிறுவனங்களே மூத்த விமானிகளை முன்கூட்டி ஓய்வுக்கு அனுப்பின. பயணிகள் திரும்பி வந்தபோது ஆளில்லை. கூலியை உயர்த்தியது பற்றாக்குறை. அது தீர்ந்தால் அதே சந்தை கூலியைக் கீழேயும் இழுக்கும்.

மலிவான கூலியால்தான் மலிவான பயணச்சீட்டு கிடைத்தது, சிறு ஊருக்கும் விமானம் வந்தது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. விமானிகள் பற்றாக்குறையான 2022-இல் டொலிடோ, இதாக்கா போன்ற ஊர்களுக்கான சேவையை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுத்தியது. அந்த ஊர்க்காரர்களின் இழப்பு உண்மையானது. ஆனால் சிறு ஊருக்கு விமானம் வேண்டும் என்பது பொதுநலம் என்றால், அந்தச் செலவைப் பொதுவில்தான் சுமக்க வேண்டும். 24 வயது விமானி ஒருவரின் கடன் தவணையில் ஏற்றக் கூடாது.

இப்போது அந்தச் சுமை இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. 250 மணி நேரத்துக்கும் 1,500 மணி நேரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பலரும் பயிற்சிப் பள்ளிகளில் ஆசிரியர்களாகக் கடக்கிறார்கள். அங்கே கிடைக்கும் சொற்பக் கூலியின் மிச்சமும் நம்பிக்கைதான். அனுபவத்தைச் சட்டம் கேட்கிறது, அதன் பலனை விமான நிறுவனம் அடைகிறது, அதற்கான விலையை மட்டும் இளைஞர் செலுத்துகிறார். 1,500 மணி நேரம் பறந்த விமானியை எடுத்துக்கொள்ளும் நிறுவனம், அந்த மணி நேரங்கள் சேரும் காலத்துக்கும் தன் பங்கைக் கொடுக்கக் கடமைப்பட்டது.