துன்பம் பயிற்சியாகுமா?

உலகில் துன்பம் நிறைந்திருப்பதையும் இறைவன் நல்லவனாக இருப்பதையும் ஒருங்கே ஏற்போர், அவ்விரண்டும் முரண்படாமைக்குக் கூறும் விளக்கத்தை மெய்யியலார் இறைநீதி வாதம் என்பர். அவ்வாதத்தின் பழைய வடிவங்களுள் ஒன்று மற்களத்தில் பிறந்தது. அடிமையாகப் பிறந்து ஸ்டோயிக் ஆசிரியராக உயர்ந்த எபிக்டெட்டஸ், இடர் நேரும்போதெல்லாம், மற்பயிற்றுநர் தம் மாணவனை முரடன் ஒருவனோடு மோதவிடுவதைப் போலவே இறைவனும் செய்கிறான் என்று கருதும்படி தம் மாணவர்க்குக் கற்பித்தார். 1966இல் ஜான் ஹிக் வெளியிட்ட நூலில், உலகம் இன்பப் பூங்காவன்று, ஆன்மா முதிர்வதற்கான களம் என்ற கருத்தாக இதே எண்ணம் விரிவு பெற்றது.

இவ்வுவமை எவ்வளவு தாங்கும் என்பதை உண்மையான மல்லர்களின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே முறை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த டான் கேபிள், பள்ளியிலும் கல்லூரியிலுமாக 180க்கும் மேற்பட்ட போட்டிகளில் வென்று, 1970இல் தம் கல்லூரி வாழ்வின் கடைசிப் போட்டியில் மட்டும் லாரி ஓவிங்ஸிடம் 11-13 என்ற கணக்கில் தோற்றார். அத்தோல்விக்குப் பின் பயிற்சியைக் கடுமையாக்கிய அவர், 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளி எவருக்கும் ஒரு புள்ளியும் விட்டுக்கொடாமல் தங்கம் வென்றார். பின்னர் அயோவா பல்கலைக்கழக அணியின் பயிற்றுநராகி, 1978 முதல் 1986 வரை தொடர்ந்து ஒன்பது முறையும், மொத்தத்தில் 15 முறையும் அவ்வணியைத் தேசியப் பட்டம் பெறச் செய்தார். எபிக்டெட்டஸின் உவமைக்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. தோற்றவர் யாரோ, அவரே அத்தோல்வியால் வளர்ந்தவர். களத்தில் இறங்கியதும் அவர் தாமாக விரும்பியதே.

ஆனால் அவர் வாழ்வில் அதற்கு முன்பே வேறொரு நிகழ்வு உண்டு. 1964இல், கேபிள் பள்ளி மாணவராக இருந்தபோது, அவருடைய தமக்கை கொலை செய்யப்பட்டார். அத்துயரை அவர் பயிற்சியில் கரைத்தார் என்று வாழ்க்கைக் குறிப்பாளர் எழுதுவது வழக்கம். அது உண்மையாகவே இருக்கலாம். எனினும் அதிலிருந்து இறைநீதி வாதத்திற்கு ஆதரவு தேடுவது பிழை. தம்பியின் மனவுறுதி எவ்வளவு பெருகினும் அது தமக்கைக்குக் கிடைத்த பயனன்று. ஒருவரின் இறப்பை மற்றொருவரின் பயிற்சிக் கருவியாக்கும் பயிற்றுநரை எந்த மற்களமும் ஏற்காது. சைவ சித்தாந்தம் கூறும் மறக்கருணை, அதாவது ஒறுத்துத் திருத்தும் அருள், அவரவர் துன்பத்தை அவரவர் வினையோடே பிணைப்பதால், இவ்விடர்ப்பாட்டை வேறு வழியில் எதிர்கொள்கிறது; அவ்வழிக்கு உரிய வினாக்கள் தனியே உள்ளன.

உவமை மற்றோரிடத்திலும் தளர்கிறது. நல்ல பயிற்றுநர் எல்லை அறிந்தவர் என்பது அதன் மறைமுகமான எடுகோள். 1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், மூன்று வேறு மாநிலக் கல்லூரிகளைச் சேர்ந்த மல்லர் மூவர், குறைந்த எடைப் பிரிவில் மோதும் பொருட்டு, வியர்வை ஆவியாகாத உடையணிந்து வெப்பமான சூழலில் உடற்பயிற்சி செய்து உயிரிழந்தனர். வலியே வளர்ச்சி என்னும் நம்பிக்கை தன்னளவில் எங்கே நிற்கவேண்டும் என்பதை அறியாது. அந்த அளவை வேறிடத்திலிருந்துதான் பெறவேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கழகமும் அவ்வாறே முடிவு செய்து, அவ்வகை உடையையும் நீராவி அறையையும் தடைசெய்தது. ஒரு மல்லர் எவ்வளவு எடை குறைக்கலாம் என்பதை இன்று பயிற்றுநர் முடிவு செய்வதில்லை, பருவத் தொடக்கத்தில் அவருடைய உடற்கொழுப்பை அளந்து விதிக்கப்படும் மிகக்குறைந்த எடையே முடிவு செய்கிறது.