பார்க்கத் தந்த அனுமதி பேசவும் ஆகுமா?

பிள்ளைச்சாவடியிலிருந்து சகோதரர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். எந்தத் தொடர் உருப்படியானது, எந்த நகைச்சுவை நிகழ்ச்சி எரிச்சலூட்டுகிறது, 'பிக்பாஸ்' வீட்டில் யார் வேடதாரி, யார் உத்தமர் என்று நான்கு பக்கங்களில் தீர்ப்பே வழங்கிவிட்டார். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமான பிறகு அதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை என்பது அவர் கட்சி. 'குக்கு வித் கோமாளி'யை மட்டும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமாம். மனிதர் கூர்ந்துதான் பார்க்கிறார். படிக்கவும் சுவையாகவே இருந்தது.

கேள்வி கடைசிப் பக்கத்தில் வருகிறது. "முன்பெல்லாம் எங்கள் தெருப் பெண்கள் அஸருக்குப் பின் கூடினால் அடுத்த வீட்டுச் சங்கதிதான் பேச்சு. இப்போது பிக்பாஸ் வீட்டுச் சங்கதி. அவர்களோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஊதியம் வாங்கிக்கொண்டு, தாமே கேமரா முன் வந்து அமர்ந்தவர்கள். அவர்களைப் பேசினால் புறம் ஆகுமா ஹஜ்ரத்? ஆகாதென்றால், தொலைக்காட்சி எங்களை ஒரு பெரும் பாவத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்றுதானே பொருள்?"

கெட்டிக்காரக் கேள்விதான். தொலைக்காட்சி ஆகுமா, ஆகாதா என்ற பழைய வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. பெட்டி எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. கேட்டதற்கு மட்டும் விடை காண்போம்.

தொடர்கதையில் வரும் மாமியாரைத் திட்டினால் அது புறமாகாது. அப்படி ஒருத்தி உலகில் இல்லை. (இஷா தள்ளிப் போவதும் பிள்ளையின் பாடம் கெடுவதும் வேறு கணக்கு.) பிக்பாஸ் அப்படியல்ல, அங்கே அழுகிறவர் கதாபாத்திரமல்ல, ஒரு தாய்க்குப் பிறந்த மனிதர். இந்த நிகழ்ச்சி 1999-இல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் தொடங்கியது. ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுத்த பெயர் அது. வீட்டுக்குள் இருப்பவனையும் விடாமல் கண்காணிக்கும் ஆட்சியை நினைத்து மக்கள் நடுங்குவதே அந்த நாவல். ஐம்பதே ஆண்டில் அந்த நடுக்கம் பொழுதுபோக்காகிவிட்டது! 2006-இல் இந்திக்கும் 2017 ஜூனில் தமிழுக்கும் வந்தது. முதல் ஏழு பருவங்களைக் கமல்ஹாசன் நடத்தினார். 2024-இல் விஜய் சேதுபதி அந்த இடத்துக்கு வந்தார்.

சம்மதித்து வந்தவர்கள் என்கிறாரே சகோதரர், அதற்கு மார்க்கத்தில் இடமுண்டா? ஓரளவு உண்டு. புறம் பேசுதல் ஆகுமான சில சந்தர்ப்பங்களை இமாம் கஸ்ஸாலியும் இமாம் நவவியும் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். தன் தவறைப் பகிரங்கமாகச் செய்கிறவனைப் பற்றிப் பேசுவது அவற்றில் ஒன்று. ஆனால் அதற்கும் ஒரு வேலி உண்டு. எதைப் பகிரங்கமாகச் செய்தானோ அதை மட்டுமே பேசலாம். அதைத் தாண்டி ஒரு சொல்லும் கூடாது.

இனி நம் பேச்சை நாமே கேட்டுப் பார்ப்போம். "அவள் அழுதாள்" என்று நிறுத்துகிறோமா? "அது நடிப்பு; அவள் வளர்ப்பே அப்படி; தாய் எப்படிப்பட்டவளோ" என்றல்லவா போகிறோம்? அந்தத் தாய் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள்? இருபத்து நான்கு மணி நேரத்தை வெட்டி ஒட்டித்தான் இரவில் நம்முன் வைக்கிறார்கள். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பும்போது, மறுதரப்பையும் கேளாமல் தீர்ப்புச் செய்யலாகாது என்று பெருமானார் (ஸல்) அறிவுறுத்தினார்கள். இங்கே மறுதரப்பு வெட்டுகிறவரின் கையோடு போய்விட்டது; நாமோ அவர் தந்த துண்டை வைத்து வாக்களித்து ஒரு மனிதரை வெளியேற்றுகிறோம்.

ஜேட் கூடி என்ற ஆங்கிலப் பெண்ணைப் பலருக்கு நினைவிருக்கலாம். 2007 ஜனவரியில் பிரிட்டனின் 'பிக் பிரதர்' வீட்டில் நம் நாட்டு ஷில்பா ஷெட்டியை அவர் இழிவாகப் பேசினார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன; இரண்டு நாடுகளும் அவரை ஏசின. பேசியது தவறு, ஐயமில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே பெண் இந்தி பிக்பாஸில் கலந்துகொண்டார். அப்போது அதை நடத்தியவர் ஷில்பா ஷெட்டியே. அந்த வீட்டில் இருந்தபோதுதான் தமக்குப் புற்றுநோய் என்ற செய்தி அவருக்குத் தொலைபேசியில் வந்தது. 2009 மார்ச்சில் இறந்தார், வயது 27. யாரைக் காயப்படுத்தினாரோ அவரோடு சமாதானமாக அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஏசிய இலட்சக்கணக்கானோர் அவரை எங்கே போய்ப் பார்ப்பது?

சகோதரரின் கடிதத்தில் வேடிக்கைபோல் ஒரு வரி இருக்கிறது. நம் மனம் அங்கேதான் நின்றுவிட்டது. அவர் தெருவுக்கு வாழ வந்த ஒரு மருமகளுக்குப் பெண்கள் ஒரு தொடரின் வில்லிப் பெயரைச் சூட்டியிருக்கிறார்களாம். எதிரிலேயே அழைத்துச் சிரிப்பார்களாம். "இப்போது அந்தப் பெண் கூட்டத்துக்கு வருவதில்லை" என்று முடித்திருக்கிறார்.

அடுத்த வீட்டுச் சங்கதி பேச்சிலிருந்து போய்விட்டது என்றாரே, எங்கே போயிற்று? பெட்டிக்குள் போய், ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அதே வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

திருமறையின் 49-ஆவது அத்தியாயத்துக்கு 'ஹுஜுராத்', அதாவது 'அறைகள்' என்று பெயர். அதன் 11, 12 வசனங்களின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பரிகாசம் தடுக்கப்படுகிறது. அங்கே பெண்களைத் தனியாகவும் குறிப்பிடுகிறான் அல்லாஹுத் தஆலா. பிறகு குத்திப் பேசுவது, பட்டப்பெயர் சூட்டுவது, தீய எண்ணம், துருவிப் பார்ப்பது. புறம் பேசுதல் கடைசியாகத்தான் வருகிறது. நாமோ கடைசிப் படியை மட்டும் பாவமென்று எண்ணி, மேற்படிகளில் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரத்தைச் சுட்டி அன்னை ஆயிஷா (ரலி) ஒரு சொல் சொன்னபோது, அது கடலில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) கண்டித்தார்கள். அலை வந்து கரையை அரித்துத் தின்னும் ஊரில் இருப்பவர் நம் சகோதரர். கடல் எவ்வளவு பெரிது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நமது விடை இது. பிக்பாஸ் வீட்டாரைப் பற்றி அவர்கள் காட்டியதற்கு மேல் பேசிய ஒவ்வொன்றும் புறமே, பொய்யாயின் அவதூறு. அவர்களைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க இயலாது. எனவே தவ்பாச் செய்து, எந்தத் திண்ணையில் இகழ்ந்தோமோ அங்கேயே அவர்களின் நல்லதைச் சொல்ல வேண்டும். மருமகள் விஷயம் அப்படியல்ல. அவள் காதில் விழுந்துவிட்டது. அவளிடமே பொறுப்புக் கேட்பது கடமை. சகோதரர் முதலில் தம் வீட்டுப் பெண்களை அனுப்பட்டும். கூட்டமாகப் போக வேண்டாம். இரண்டு பேர் போதும். அந்தப் பட்டப்பெயரைத் திரும்பவும் வாயில் எடுத்து விளக்க வேண்டியதில்லை. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்து ஸலாம் கூறட்டும். பிறகு, "எங்களைப் பொறுத்துக்கொள் அம்மா" என்று கேட்கட்டும்.