பூஜ்யங்களை எண்ணுதல்

பொருளாதாரப் பரிசோதனைகளில் உழைப்பை இருவிதமாக அளக்கிறார்கள். ஒன்று, ஓர் எண்ணைத் தேர்ந்து அதற்கான 'செலவை' அட்டவணைப்படி கழித்துக்கொள்வது. இங்கே யாருக்கும் வியர்ப்பதில்லை. மற்றது, நிஜமாகவே வேலை வாங்குவது. 2011இல் வெளியான ஏபெலர் குழுவினரின் ஆய்வில், பூஜ்யமும் ஒன்றுமாக 150 இலக்கங்கள் கலந்து கிடக்கும் அட்டவணைகளில் பூஜ்யங்களை எண்ணச் சொன்னார்கள். விடையால் ஆய்வாளருக்கு ஒரு பயனுமில்லை. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது: பயன் இருந்தால் நன்றிக்கடன் உள்ளே வந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

வங்கியில் எண்களோடு பகலைக் கழிக்கிற எனக்கு இந்த வாதம்தான் உறுத்துகிறது. என் கூட்டல் யாரோ ஒருத்தியின் பென்ஷன். அந்த ஒருத்தியை நீக்கிவிட்டால் மிஞ்சுவது தூய உழைப்பா, வெறும் அலுப்பா?

2008இல் ஏரியலி, காமெனிட்சா, ப்ரெலெக் மூவரும் லெகோ பொம்மைகளைக் கூலிக்குப் பூட்டச் சொன்னார்கள். ஒரு சாராரின் பொம்மைகள் மேஜைமேல் சேர்ந்துகொண்டே போயின; மறு சாராருடையவை அவர்கள் கண்முன்னேயே பிரிக்கப்பட்டன. (இதற்கு சிஸிஃபஸ் என்று பெயர் வைத்தார்கள், காம்யூ படித்தவர்கள் போலும்.) கூலி விகிதம் ஒன்றே. முன்னவர்கள் சராசரி 10.6 பொம்மைகள் செய்தார்கள், பின்னவர்கள் 7.2.

அப்படியானால் பூஜ்யம் எண்ணுகிறவனிடம் அளக்கப்படுவது, அர்த்தம் பறிபோன பிறகும் கூலி ஒருவனை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதே. அதிலும் விஷயமிருக்கிறது. 'நிஜ உழைப்பு' என்ற பெயரைத்தான் நான் மறுக்கிறேன். எண்ணைத் தேர்கிற முறையாவது தன்னை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை.